முச்சந்தியில் இல்லாத கேமரா

காம்பாரிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த யோசனை வந்தது. கோப்பெங்கை நெருங்கும் முன், இரண்டு பக்கமும் செம்பனை அடர்ந்து நிற்கும் ஒரு வளைவு உண்டு. அங்கே என் கைப்பேசி கணீரென்று சொன்னது: "முன்னால் வேகக் கேமரா." பட்டென்று பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த லோரிக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன். கேமரா இல்லை. போலீஸ் கார் இல்லை. முக்காலிமேல் கருவியை வைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை. இடப்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பஸ் பொண்டோக், அதில் காலியான பெஞ்சு. அவ்வளவுதான்.

பொய்! யாரோ வேலையற்றவன் வழிகாட்டிச் செயலியில் பொய்யாக ஒரு கேமராவைக் குறித்து வைத்திருக்கிறான். அந்த நொடியில் தோன்றியது: இந்தச் சாலையில் இருக்கும் பொய்க் கேமராக்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் என்ன?

இதை எழுதும்போதே கூசுகிறது. அந்த வளைவிலேயே ஒரு முச்சந்தி; அதில் வலப்பக்கம் திரும்பினால் என் அத்தை வீடு. அப்பாவின் தங்கை. அத்தையும் அந்த வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களும் தினமும் விடியாத இருட்டில் அந்தச் சாலையைக் கடந்து வந்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் அந்த இடத்தைக் கடக்கும் நேரத்தில் அவர்கள் பஸ் போய்விட்டிருக்கும். பெஞ்சு காலியாக இருந்தது, எனக்கு அவர்களின் நினைவு வரவில்லை. வாரத்தில் ஐந்து நாள் அவ்வழியே போகிறவள், கடைசியாக வலப்பக்கம் திரும்பியது போன தீபாவளிக்கு.

நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். கல்லூரியில் படித்தபோதே அந்த வழிகாட்டிச் செயலிக்குத் தொண்டூழியத் திருத்துநராகச் சேர்ந்துவிட்டேன். சாலைகளின் பெயரைச் சரிசெய்வது, புதிய தாமான் குடியிருப்புகளின் சந்துகளைச் சேர்ப்பது, மூடிய பாலங்களை நீக்குவது எல்லாம் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது; திருத்தத் திருத்தத் தகுதி உயரும். எனக்கு அது மளமளவென்று உயர்ந்தது. ஒருவழிச் சாலையின் அம்புக்குறி தலைகீழாக இருப்பதைப் பார்த்துவிட்டால், அதைத் திருப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். எங்கள் திருத்துநர் குழுவில் நான் எழுதிய ஒரு வரியை உச்சியில் ஒட்டி வைத்திருந்தார்கள்: உணர்ச்சி வேறு, தரவு வேறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவில் இளம் வழக்கறிஞர்களும் சட்டம் படிக்கும் மாணவர்களும் சேர்ந்து தமிழில் ஒரு விவாத அரங்கம் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். பொதுமக்களும் வரலாம். தலைப்பு: வேகக் கேமராக்களை முன்கூட்டிச் சொல்லும் செயலிகளைச் சட்டம் தடைசெய்ய வேண்டுமா? அறிவிப்பு வந்ததுமே, வேறு யாரும் கேட்பதற்குள், தடை கூடாது என்ற அணியைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரணியில் பேச வந்தவர் எங்கள் அலுவலகத்திலேயே என்னைவிட ஓராண்டு மூத்தவர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வாதம் எளிமையானது. போலீஸ்காரர் கடமையைச் செய்துகொண்டிருக்கிறார். அவர் இருக்குமிடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது அந்தக் கடமைக்கு இடையூறு. வேகமாகப் போகிறவனுக்கு உடந்தையாவது. ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவர் இப்படிப்பட்ட எச்சரிக்கையைப் பயன்படுத்தக் கூடாது. நாமும் அப்படியே செய்யலாம்.

என் வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிலையான கேமராக்களுக்கு முன்னால் அரசாங்கமே அறிவிப்புப் பலகை வைக்கிறது. ஏன்? அபராதம் வாங்குவது நோக்கமல்ல, வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். "வண்டி மெதுவாகப் போக வேண்டும் என்பதுதான் சட்டத்தின் விருப்பம் என்றால், அதை மெதுவாக்கியது கேமராவா எச்சரிக்கையா என்று சட்டம் ஏன் கவலைப்பட வேண்டும்?" இந்த வாக்கியத்தைக் குளியலறையில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் அண்ணன் என்னைச் சீண்டினார்.

"ஒன் செயலி சொல்றதுல பாதி பொய்லா, தங்கச்சி. நேத்து பாசார்கிட்ட கேமரான்னு சொல்லுச்சு. போய்ப் பார்த்தா டுரியான் பழம் விக்கிற மலாய்க்கார அபாங் நிக்கிறாரு. பொய் சொல்ற உரிமைக்கா வாதாடப் போற?"

"பொய்யெல்லாம் துடைச்சிட்டுத்தாண்ணே மேடை ஏறுவேன்."

"எல்லாத்தையுமா?"

"பார்த்துக்கிட்டே இருங்க."

அன்று மாலையே உட்கார்ந்துவிட்டேன். தஞ்சோங் மாலிம் வரை பழைய சாலையில் இருந்த கேமராக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மற்றவை சுலபமாக விழுந்தன. அத்தை வீட்டு முச்சந்தியில் இருந்தது மட்டும் விழ மறுத்தது. நடமாடும் கேமரா என்று யாராவது குறித்தால் அது கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்துவிடும்; வேறு சிலரும் ஆமாம் என்று அழுத்தினால்தான் நீடிக்கும். இந்தக் குறி இரவில் செத்து, ஒவ்வொரு வேலை நாளும் விடியற்காலையில் உயிர்த்தெழுந்தது. அழுத்தியவர்கள் ஒரே கூட்டம். ரோஜா, தாமரை, செம்பருத்தி என்று பயனர் பெயர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு என்று முடிவுகட்டினேன். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை எழுந்து பொய்க் கேமரா குறிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. குழுவில் "கோப்பெங் பூந்தோட்டக் கும்பல்" என்று தலைப்பிட்டு ஆதாரத்தை அடுக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், பாராட்டினார்கள். மேலே உள்ளவர்கள் அந்தக் கணக்குகளைச் செல்லாதவையாக்கினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை முறை அழுத்தினாலும் வரைபடத்தில் எதுவும் தோன்றாது.

மறுவாரம் அந்த வளைவைக் கடந்தபோது கைப்பேசி வாயைத் திறக்கவில்லை. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது சாலை என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அம்மா அழைத்தார்.

"அத்தை காலையில கால்வாயில விழுந்துட்டாங்களாம்மா. கையில மாவுக்கட்டு போட்டிருக்காங்க. ஒரு போன் பண்ணு."

நான் போன் பண்ணவில்லை. விவாதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். "பார்த்து நடங்க அத்தை, இருட்டுல வழுக்கும்" என்று குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"ஒண்ணும் இல்லலா மா. இடது கைதான். நீ மேடையில பேசறப்ப நான் கைதட்டணும்ல, அதுக்குள்ள ஆறிடும். எங்க பஸ்ல வர்ற பொம்பளைங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வாரேன். எங்கண்ணன் மக லாயரா பேசப் போகுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவர் சொன்னபடியே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகை வேன் ஒன்றிலிருந்து பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாக இறங்கி, மண்டபத்தின் இரண்டாவது வரிசையை நிரப்பினார்கள். அத்தையின் இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மேடையில் எழுந்து நின்றதுமே அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. அத்தை வலது கையால் தன் தொடையில் தட்டினார்.

நன்றாகத்தான் பேசினேன். அதைத்தான் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. குளியலறை வாக்கியத்துக்குக் கைதட்டல் விழுந்தது. பிரான்ஸைக் கிண்டல் செய்தேன்: "அங்கே கேமரா என்று சொல்லக் கூடாதாம், ஆபத்துப் பகுதி என்று சொல்லலாமாம்! கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்துப் பகுதியாம். நாளைக்கு மாமியார் வீட்டுக்கும் அதையே போட்டுவிடுவார்களோ?" மண்டபம் குலுங்கியது. இரண்டாவது வரிசைதான் அதிகமாகச் சிரித்தது.

பிறகு, பொய்த் தகவல் என்ற எதிரணியின் வாதத்தை முறியடிக்கத் திரையில் ஒரு படத்தைக் காட்டினேன். அத்தை வீட்டு முச்சந்தி. ஒரு பக்கம் கேமராக் குறியோடு, மறுபக்கம் குறி இல்லாமல். "பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கும், ஒரு கும்பல் தினமும் திட்டமிட்டு இங்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நானே கண்டுபிடித்துத் துடைத்தேன். செயலியை நம்ப முடியாது என்பவர்களுக்கு இதுதான் பதில். சட்டம் தடுக்கத் தேவையில்லை, நாங்களே காவல் இருக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையிலிருந்து வந்தது, பின்னால் நின்றிருந்த மாணவர்களிடமிருந்தும் வந்தது. இரண்டாவது வரிசையில் ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மடியில் கிடந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். எனக்குக் காரணம் புரியவில்லை. படம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டினேன்.

எங்கள் அணி வென்றது. எனக்குக் கண்ணாடியில் செய்த ஒரு நினைவுச் சின்னம் கிடைத்தது. மண்டபத்தின் பின்பக்கம் மீகூன் நூடுல்ஸும் தேநீரும் வைத்திருந்தார்கள். நான் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அவர் பக்கத்தில் ஒரு அக்கா காகிதத் தட்டில் மீகூனைக் கிளறிக்கொண்டிருந்தார். பஸ் ஏறும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி மாதிரி.

"ஏன் தங்கச்சி," என்றார், "எங்க பெரட்டக் கலைச்சது நீதானா?"

பெரட்டு என்பது தோட்டத்துச் சொல். பால் வெட்டுக்குப் போவதற்கு முன், விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்களையும் இடித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"எந்தப் பெரட்டுக்கா?"

"காலையில ரோட்டத் தாண்டறதுக்கு முன்ன எல்லாரும் வரிசையா நின்னு போன அமுக்குவோம்ல? நான்தான் பெரட்டுக் கூப்பிடுவேன். ரோஜா வந்தாச்சா, தாமரை வந்தாச்சான்னு. எல்லாம் அமுக்கி அஞ்சு நிமிசத்துல காரு காடியெல்லாம் பூனை மாரி வரும். அப்புறந்தான் எறங்குவோம்."

இன்னொருத்தர் பின்னாலிருந்து சொன்னார்: "நான் செம்பருத்தி. பள்ளிக்கூடப் புள்ள மாரியா தெரியறேன்?"

சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை.

அந்த அக்கா சொல்லச் சொல்லத்தான் எல்லாம் விளங்கியது. ஒருமுறை உண்மையாகவே போலீஸ்காரர்கள் அந்த வளைவில் முக்காலி வைத்து நின்றிருந்தார்களாம். "அன்னைக்குத்தான் நாங்க ஓடாம நடந்து தாண்டுனோம். அவங்க மறுநாள் வரல. சரி, நாமளே கேமராவா ஆயிருவோம்னு ஆயிட்டோம்."

அதற்கு முன்னால் எப்படிக் கடந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்தேன்.

"கால்வாயில வழுக்கலையா அத்தை?"

அந்த அக்காதான் சொன்னார். "வழுக்கறதுக்கு மழையா பேஞ்சுச்சு? ஒரு காடிக்காரன் பறந்து வந்தான். ஒங்கத்தை பாதி ரோட்டுல. திரும்பி ஓடி வந்து கால்வாய்ல குதிச்சிட்டா. எங்களுக்கு வெளங்கவே இல்ல. எல்லாரும் அமுக்கிட்டுத்தானே எறங்குனோம், ஏன் ஒருத்தனும் மெதுவா வரலன்னு."

அவர்கள் அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியது செல்லும் என்று நம்பி இருட்டில் சாலையில் இறங்கியிருக்கிறார்கள். கணக்குகள் செல்லாதவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் புதுக்கணக்குத் தொடங்கிவிடுவார்கள்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லக்கா, பொய்யா ரிப்போர்ட் பண்றது செயலியோட விதிக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"சரிங்க லாயரம்மா. நாங்க எத அமுக்கியிருக்கணும்? பொம்பளைங்க ரோட்டத் தாண்டறாங்கன்னு பட்டன் இருக்கா?"

"இல்ல."

"இருந்தாலும் எவன் பிரேக் அடிப்பான்? கெனா சம்மன், ஃபைன் விழும்னாத்தான் அடிப்பான். பொம்பளைங்கன்னா இன்னும் வேகமா மிதிப்பான்லா."

மறுபடி சிரிப்பு. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கலா," என்றார். "புள்ள சாப்பிடவே இல்ல. அதுக்கு எப்படித் தெரியும்? நம்ம போய்ச் சொன்னமா? நல்லாத்தானே பேசுச்சு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் பெஞ்சும் அந்தச் சாலையும் விடியற்காலை பஸ்ஸும் எனக்குத் தெரிந்தவைதானே.

பிறகு அத்தை என் கையிலிருந்த கண்ணாடிச் சின்னத்தை வாங்கினார். "ஒரு படம் எடுங்க. எங்கண்ணன் மகளோட." மாவுக்கட்டுப் போட்ட கைமேல் அதைச் சாய்த்து வைத்து, வலது கையால் என் தோளை இழுத்துக்கொண்டார். அந்தப் படம் எங்கள் குடும்பக் குழுவில் இருக்கிறது. நெருப்பும் பூங்கொத்துமாக எமோஜி போட்டுச் சொந்தக்காரர்கள் வாழ்த்தியிருக்கிறார்கள். நான் அதைத் திறந்தால் சின்னத்தைப் பார்ப்பதில்லை. அதன் அடியில் தெரியும் வெள்ளைக் கட்டைத்தான் பார்க்கிறேன்.

மறுநாள் திருத்துநர் குழுவில் நடந்ததை எழுதினேன். எனக்கு முன்பு பாராட்டுச் சொன்ன மூத்த திருத்துநர் ஒருவர் மரியாதையாகவே பதிலளித்தார்: அந்தப் பெண்களுக்காக வருந்துகிறோம், ஆனால் அங்கே கேமரா இல்லை; இல்லாததை இருக்கிறது என்று காட்ட முடியாது. கடைசியில், "நீங்களே சொன்னதுதானே, உணர்ச்சி வேறு, தரவு வேறு." ஒட்டிவைத்த வரி மேலேயே இருந்தது.

அந்த முச்சந்தியில் நானே ஒரு கேமராவைக் குறித்துவிட்டால் என்ன என்று யோசிக்காமல் இல்லை. என் தகுதிக்கு அது நாள் கணக்கில் நிற்கும். விரல் அந்தக் குறிக்கு மேல்வரை போனது. எடுத்துவிட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் நேரத்தில் இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்ற பயம். இருட்டில் சாலையைக் கடப்பவர்களின் பயத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க முடியவில்லை.

அலுவலகத்தில் அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு வழக்கம்போலச் சீண்டவில்லை. அதுவும் ஒரு தண்டனை மாதிரிதான் இருந்தது. "நான் தோத்த பேச்சுதான், ஆனா கேக்கறேன்," என்றார். "மெதுவாக்குனது கேமராவா எச்சரிக்கையான்னு சட்டம் ஏன் கவலைப்படணும்னு சொன்னது நீதானே?"

"ஆமாண்ணே."

"அத நீ நம்பித்தான் சொன்னியா, தங்கச்சி?"

சொன்னபோது அந்த வாக்கியத்தின் அழகைத்தான் நம்பினேன். அதை உண்மையாக நம்பி, தினமும் அதன்மேல் உயிரை வைத்துச் சாலையில் இறங்கியவர்கள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள்.

நான் கிண்டலடித்த அந்த ஆபத்துப் பகுதி என்ற சொல்லைத்தான் இப்போது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் இல்லை. கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வளைவு ஆபத்தானதுதான். அடியெடுத்து வைத்த எவருக்கும் அது தெரியும். அங்கே அப்படி ஒரு எச்சரிக்கை வைக்க அனுமதி வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் செயலிக்கு அந்த வகையே கிடையாது, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

அதற்காகக் காத்திருக்க முடியாது. சாலைகளைப் பார்க்கும் இலாகாவுக்குப் போய், அந்த இடத்துக்கு விளக்கும் கடக்கும் கோடும் கேட்கலாம் என்றிருக்கிறேன். வெறும் பேச்சாக இருந்தால் எடுபடாது. அந்த நேரத்தில் வண்டிகள் எப்படி வருகின்றன என்று படம்பிடித்துக் காட்ட வேண்டும். நேற்று அத்தையை அழைத்தேன். இந்த முறை குரல்பதிவு இல்லை.

"வர்ற திங்கக்கிழமை பெரட்டு நேரத்துக்கு வரலாமா அத்தை? படம் எடுக்கணும்."

"வா. ஆனா ஈப்போ போற பக்கத்துல காடியப் போட்டுட்டு, பொண்டோக்குல குந்திக்கிட்டே எடுக்காத. வீட்டுப் பக்கம் வந்து போடு. எங்க கூடத் தாண்டு."

"சரிங்கத்தை."

"வெளிச்சமா தெரியற சட்டையா போட்டுக்கிட்டு வா. இருட்டா இருக்கும்." பிறகு, "ஓடத் தெரியும்ல?" என்றார்.

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. செம்பருத்தியாக இருக்கலாம்.

மஞ்சள் மழைச்சட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வரைபடத்தில் அந்தச் சாலையை எத்தனையோ தடவை பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்திருக்கிறேன். நடந்து கடந்ததில்லை. திங்கட்கிழமை கடக்கப் போகிறேன்.